ஆம் என்றால் இல்லை

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா
21 செப்டம்பர் 2008

அன்புள்ள பவுலினா அக்காவுக்கு,

அருள் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசை மேல் போட்டுவிடாதே.

அம்மா போன பிறகு உன்னை இங்கே வந்து எங்களோடு இருக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாய். “கூட இருக்கிற அந்தப் பொம்பள விடமாட்டாளா?” என்று போனில் ஒரு வார்த்தை கேட்டேன். போனை வைத்தவள்தான், இரண்டரை வருஷமாக எடுக்கவில்லை. அந்த வார்த்தையில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அது கிடக்கட்டும். இப்போது வேறு விஷயம்.

போன வருஷம் எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. வருகிற நவம்பரில் முதல் தடவையாக ஓட்டுப் போடப்போகிறேன். இங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு விடுவதில்லை. சட்டங்களையும் வரிசையாக அச்சடித்து ஜனங்களிடமே கேட்கிறார்கள். அதில் எட்டாம் எண் ஒன்று இருக்கிறது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று மே மாதம் இங்குள்ள கோர்ட் சொல்லிவிட்டது. அதை நிறுத்திவிடலாமா என்பதுதான் கேள்வி. ஆம் என்று போட்டால் அந்தக் கல்யாணம் இல்லை. இல்லை என்று போட்டால் உண்டு. குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நமக்கு இதில் என்ன என்று இருந்தேன். எங்கள் மாதா கோவிலில் பூசை முடிந்து, ஆம் போடச் சொல்லித் துண்டறிக்கை கொடுத்தார்கள். ஜாஸ்லின் ‘ஆம்’ என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்றை வாங்கி வந்து வாசல் புல்தரையில் நட்டாள். மறுநாள் காலையில் அதைக் காணோம். அந்த இடத்தில் ‘இல்லை’ என்று நீலப் பலகை நிற்கிறது. லீவுக்கு வந்திருந்த எட்சன் செய்த வேலை.

“யாருக்காகடா இது?” என்று கேட்டேன்.

“எனக்குத் தெரிஞ்சவங்களுக்காக.”

“யாரு?”

“சொல்ல மாட்டேன்ப்பா. அது நான் சொல்ற விஷயம் இல்ல.”

இருபது வயசுப் பையன் இப்படிச் சொன்னால் பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? ஜாஸ்லின் சரியாகச் சாப்பிடுவதில்லை. மே மாதம் வரைக்கும் அவன் இப்படி இல்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதம் பெங்களூரில் பயிற்சி என்று, அவனே உன்னிடம் போனில் கேட்டு, உன் வீட்டில் தங்கிப் போய்வந்தான். அங்கே ஏதோ நடந்திருக்கிறது. யாரோடு பழகினான்? சிநேகிதன் என்று யாராவது வீட்டுக்கு வந்தானா? நான் எதைக் கேட்கிறேன் என்று உனக்குப் புரியும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒளிக்காமல் எழுது.

உன் தம்பி
அருள்ஜோசப்


ஓசூர்
4 அக்டோபர் 2008

அன்புள்ள தம்பி அருளுக்கு,

பிரித்துப் படித்தேன். பிரிக்காமல் போட நான் என்ன சின்னப் பிள்ளையா?

இரண்டரை வருஷம் கழித்து எழுதுகிறாய். அம்மா கல்லறைக்குச் சிலுவை வைத்தாயிற்றா என்று ஒரு வரி இல்லை. என் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஸ்டேஷனில் ஏட்டு விசாரிக்கிற மாதிரி, யார் வந்தார்கள், யாரோடு பழகினான். முதலில் நீ சொல். உன்னிடம் யார் என்ன சொன்னார்கள்? கீழ் வீட்டு சரோஜம்மாளின் மகன் உங்கள் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறான். அவள் வாரம் தவறாமல் அவனோடு போனில் பேசுகிறாள். எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால்கூட அவளுக்குத் தெரியும். அவன் வழியாக ஏதாவது வந்ததா?

எட்சன் காலையில் எழுந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் பிடிப்பான். அத்திப்பள்ளி நெரிசலில் நின்று களைத்து இருட்டின பிறகு வருவான். களியும் கீரையும் போட்டால் முகம் சுளிக்காமல் சாப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை மோகனா, நீ ‘அந்தப் பொம்பள’ என்றாயே அவள்தான், அவனைக் கெலவரப்பள்ளி டேம் ரோட்டுக்குக் கூட்டிப்போய் டிவிஎஸ் ஓட்டச் சொல்லிக் கொடுத்தாள். ஒருமுறை ராயக்கோட்டை மார்க்கெட்டுக்கு வந்து, தக்காளியை ரோட்டில் கொட்டி வைத்திருப்பதை போட்டோ எடுத்தான். சிநேகிதன் என்று யாரும் வரவில்லை. நீ பயப்படுகிற மாதிரி நான் எதையும் பார்க்கவில்லை. இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இங்கே நிலைமை வேறு. போன மாதம் கர்நாடகத்தில் நம் மாதா கோவில்களை உடைத்தார்கள், நீயும் படித்திருப்பாய். நம் பக்கம் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் கோவில் கேட்டில் இரண்டு போலீஸ் நிற்கிறார்கள். தெரியாத முகம் யாராவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறோம். எங்களைப் பற்றி இந்த ஊரில் ஓட்டு வைத்தால் என்ன ஆகும் என்று பூசை நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கக் கூடாதுதான்.

உன் ஓட்டு உன்னுடையது. அதற்கு என்னை ஏன் கேட்கிறாய்? ஓட்டைச் சாக்காக வைத்து வேறு எதையோ துருவுகிறாய் என்று எனக்குப் படுகிறது.

அக்கா
பவுலினா


ஃப்ரீமாண்ட்
14 அக்டோபர் 2008

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தக்காளி இருக்கிறது, டிவிஎஸ் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. எட்சன் இல்லை. ‘எங்களைப் பற்றி’ என்று எழுதியிருக்கிறாய். கிறிஸ்தவர்களைச் சொல்கிறாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சரோஜம்மாளின் மகனை நான் பார்த்ததுகூட இல்லை. அவன் எனக்கு என்ன சொல்லியிருப்பான் என்று நீ பதறுகிறாய், அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கடிதம் கிடைத்த அன்றே போன் செய்தேன். மோகனப்ரியா எடுத்தார். “அக்கா குளிக்கிறாங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் செய்தேன். “அக்கா வேலைக்குப் போயிட்டாங்களே” என்றார். குளித்தவள் துடைத்துக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாயா?

சனிக்கிழமை எட்சனை காரில் உட்கார வைத்து நேராகக் கேட்டுவிட்டேன். “நீ அந்த மாதிரியா?” என்றேன். முதலில் சிரித்தான். அப்புறம் அவன் முகம் மாறிவிட்டது.

“இல்லப்பா. ஆனா அப்படி இருந்திருந்தா, உங்க இந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சொல்லியிருப்பேன்?”

“அப்ப யாருக்காக அந்தப் போர்டு?”

“அத்தையைக் கேளுங்க.”

அத்தையைக் கேட்டாயிற்று. அத்தை கீரைக் கதை சொல்கிறாள். ஆக, அவன் எதையோ உன்னிடம் சொல்லியிருக்கிறான். என் மகன் என்னிடம் இல்லை என்கிறான், உன்னிடம் ஆமாம் என்றிருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீர்கள்.

நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அடுத்த பருவத்திலிருந்து அவன் ஹாஸ்டலில் இருக்க வேண்டாம், வீட்டிலிருந்தே போய்வரட்டும். இந்த மாதிரிப் பிள்ளைகளை ஜெபத்தால் மாற்றுகிறவர் என்று ஒரு போதகரைப் பற்றி ஜாஸ்லினின் தோழி சொன்னார். நவம்பர் கடைசியில் அவர் நடத்துகிற தியானத்துக்கு அவன் பேரைக் கொடுத்துவிட்டோம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓட்டுச் சீட்டு தபாலில் வந்து சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் குறி போட்டுவிட்டேன். எட்டு மட்டும் பாக்கி. ஆம் என்றுதான் போடப்போகிறேன். ஏன் என்று நீ கேட்க முடியாது. கேட்கிற அளவுக்கு நீ எனக்கு எதுவும் சொல்லவில்லை.

அருள்


ஓசூர்
25 அக்டோபர் 2008

அருளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுத வேண்டாம் என்று மோகனா சொன்னாள். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. “உன் தம்பி படிச்சிட்டுச் சும்மாவா இருப்பான்? என்னையப் பிரிச்சு விடத்தான் பாப்பான்” என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் தியானம், போதகர் என்று நீ எழுதியதைப் படித்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. பையன் எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போய் உன்னிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

எட்சன் உன்னிடம் பொய் சொல்லவில்லை. அவன் என்னிடம் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான்தான் என்னைப் பற்றி அவனிடம் சொன்னேன்.

மோகனாவும் நானும் வாட்ச் கம்பெனிப் பெண்கள் ஹாஸ்டலில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்காரிகள். அவள் ஆண்டிபட்டியிலிருந்து வந்தவள், நான் எலத்தகிரியிலிருந்து. எண்பத்தாறிலிருந்து ஒன்றாக இருக்கிறோம். உன்னிடம் சிநேகிதி என்றேன். வாடகையில் பாதி கொடுத்து இருக்கிறாள் என்றேன். ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் தூரத்துச் சொந்தம் என்றேன். மூன்றும் பொய். உங்கள் ஊர் ஓட்டுச் சீட்டில் கேட்டிருக்கிறார்களே, பெண்ணும் பெண்ணும் என்று, அதுதான் நாங்கள். நீ ஒவ்வொரு வரனாகக் கொண்டுவந்தபோது எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு வேறு காரணம் கிடையாது. கன்னியாஸ்திரி மடத்தில் சேரப்போகிறேனோ என்று நீ சந்தேகப்பட்டாய். அப்பா அதை நம்பிச் சந்தோஷப்பட்டார்.

எட்சனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோகனாவின் அண்ணன் அழகர்சாமி ஊரிலிருந்து வந்தார். அவர் சம்சாரத்துக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மோகனாவைக் கூட்டிப்போக வந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு சீப்பு பழமும் பையில் வெள்ளைப் பூண்டும் கொண்டு வந்திருந்தார்.

“ஏத்தா, இங்க உனக்குன்னு என்ன இருக்கு? புள்ளையா, குட்டியா? அந்த ரோசாப்பூப் பண்ணையில பூவ அட்டப்பொட்டில அடுக்குறதுக்கு ஒரு ஆயுசா? அங்கிட்டு வந்தா அண்ணன் வீடுன்னு ஒரு இது இருக்கும்ல.”

மோகனா என்னைப் பார்த்தாள். அவரும் என்னைப் பார்த்தார். நான் கிறிஸ்தவச்சி, கல்யாணம் ஆகாதவள் என்பதால் அவர் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

“நீங்க சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொன்னா கேப்பா.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “உங்க தங்கச்சி. உங்க இஷ்டம்” என்றேன். சொல்லிவிட்டு அவருக்குக் காபி போடுகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். சரோஜம்மாள் வேறு படிக்கட்டில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்துவிடுமோ என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாக இருந்தது.

உள் ரூமிலிருந்து உன் மகன் வெளியே வந்தான். அவன் தமிழ் உனக்குத் தெரியுமே.

“மாமா, அவங்க போக வேணாம். இது அவங்க வீடு.”

“யாரு சிஸ்டர் இந்தத் தம்பி? வெள்ளக்காரன் கணக்கா பேசுது” என்று அவர் சிரித்தார்.

“சிரிக்காதீங்க மாமா. அவங்க போனா அத்தை யார்கூட இருப்பாங்க?”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மோகனா எழுந்து, “அண்ணே, நான் வரல. அண்ணிக்கு ஒரு ஆள் பாப்போம், என்னால ஆனதச் செய்யிறேன். இங்கிருந்து மட்டும் கூப்பிடாத” என்றாள். அவர் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மேலேயே இருக்கிறது.

அதற்கப்புறம் மோகனா என்னோடு பேசவில்லை. பாத்திரம் தேய்க்கிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரியும். எட்சன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், என் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேட்டான். தமிழில் அதை எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் சொன்ன வார்த்தை எனக்குத் தெரியும், எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்குகிற சட்டத்தைப் பற்றிய டெல்லி கோர்ட் வழக்குச் செய்தியில் மோகனா படித்துக் காட்டியிருக்கிறாள். நான் “ஆமாம்ப்பா” என்றேன். ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான், “அப்பாவுக்குத் தெரியுமா?” தெரிய வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பலகை எங்களுக்காக வைத்தது. அவனைத் தியானத்துக்கு அனுப்பாதே. மாற்ற வேண்டிய ஆள் என்று நீ யாரையாவது நினைத்தால் அது நான்தான், என்னை அனுப்ப உன்னால் முடியாது.

இந்தக் கடிதத்தை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. ஜாஸ்லினிடம் காட்டுவாயா, எலத்தகிரிச் சித்தப்பாவுக்குப் போன் செய்வாயா? தபாலில் போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது என்பதால், எழுதி முடித்ததும் யோசிக்காமல் ஒட்டிவிடுகிறேன்.

பவுலினா


ஃப்ரீமாண்ட்
9 நவம்பர் 2008

அக்காவுக்கு,

கடிதம் தேர்தலுக்கு முந்தின நாள் கிடைத்தது. தபால் பெட்டியடியில் காரை நிறுத்தி அங்கேயே படித்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

உன்னிடம் நல்லபடியாக எழுத முயற்சி செய்கிறேன். முதலில் வந்தது கோபம்தான். நீ என்னவாக இருக்கிறாய் என்பதைவிட, எத்தனை வருஷம் என்னை முட்டாளாக உட்கார வைத்திருக்கிறாய் என்பதில். நான் கொண்டுவந்த ஒவ்வொரு மாப்பிள்ளை வீட்டாரிடமும் நான் போய்த் தலைகுனிந்து நின்றேன். அப்போது நீயும் மோகனப்ரியாவும் வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்? சிரித்தீர்களா? அம்மா கடைசி வரை அந்த வீட்டில்தானே இருந்தாள். அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டு அம்மாவும் என்னிடம் மறைத்தாளா? இப்படிச் சேர்ந்து இருப்பது மோகனப்ரியாவின் யோசனையா, உன்னுடைய யோசனையா? நீ இருபது வயதில் இப்படி இல்லை. எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குத் தெரிந்தது எதுவும் சரியில்லை என்று இப்போது ஆகிவிட்டது.

சித்தப்பாவுக்குப் போன் செய்யவில்லை. ஜாஸ்லினிடம் சொல்லவில்லை. கடிதம் என் ஆபீஸ் மேசையில் இருக்கிறது. தியானத்தை ரத்து செய்துவிட்டேன், எட்சனுக்குப் படிப்பு அதிகம் என்று காரணம் சொன்னேன். ஆக நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

தேர்தலுக்கு வீட்டுக்கு வந்திருந்த எட்சனிடம் மட்டும் “அத்தை எழுதிட்டா” என்றேன். “எப்படி ஓட்டுப் போட்டீங்க?” என்றான் அவன். ஓட்டு ரகசியம் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஓட்டெண்ணிக்கையில் ஆம் ஜெயித்துவிட்டது. அதே நாள் ஜெயித்த புது ஜனாதிபதிக்காக ஊரெல்லாம் ஆடிப்பாடியது. அவன் டிவியை அணைத்துவிட்டு ரூமுக்குப் போய்விட்டான்.

ஜனவரியில் அம்மாவின் மூன்றாம் வருஷப் பூசைக்கு வருகிறேன். டிக்கெட் முன்பே எடுத்தது. வீட்டில் தங்கலாமா? இன்னொன்று. நான் வரும்போதெல்லாம் மோகனப்ரியா ஊருக்குப் போயிருப்பார். அது ஏன் என்று இப்போதுதான் உறைக்கிறது. இந்தத் தடவையும் அவர் அப்படி ஊருக்குப் போனால் எல்லாருக்கும் சங்கடம் இல்லாமல் இருக்கும். யோசித்துச் சொல்.

அருள்


ஓசூர்
22 நவம்பர் 2008

அருளுக்கு,

யோசித்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் ஒரு தடவைகூட ஊருக்குப் போகவில்லை. நீ வருகிறாய் என்றால் கிருஷ்ணகிரியில் அவளோடு வேலை பார்த்த ஒருத்தி வீட்டில் போய் இருப்பாள். நீ கிளம்பும்வரை அங்கிருந்தே பண்ணைக்குப் பஸ்ஸில் வருவாள். போவதற்கு முன்னால் அவள் செருப்பு, பவுடர் டப்பா, சாமி படம், கொடியில் கிடக்கிற சேலை எல்லாவற்றையும் தானே எடுத்துப் பையில் போடுவாள். நீ போன பிறகு சில நாள் வீட்டில் விருந்தாளி மாதிரி நடப்பாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் என்னைக் கேட்டுக் குடிப்பாள். மறுபடியும் பழையபடி ஆவதற்கு நாளாகும்.

நாங்கள் சிரித்தோமா என்று கேட்கிறாய். ஒவ்வொரு மாப்பிள்ளை வந்து போன பிறகும் அவள் எங்காவது கண் காணாமல் போய்விடலாமா என்று கேட்பாள். நான் அவளைப் பிடித்து உட்கார வைப்பேன். இதில் சிரிக்க நேரம் எங்கே இருந்தது?

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாய். அம்மா என்னை எதுவும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பின கார் தெரு முனை திரும்பும். அம்மா கையிலிருந்த ஜெபமாலையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “போன் போடு, அவள வரச் சொல்லு. சோறு ஆறிடும்” என்பாள். அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று இதை வைத்து நீயே கணக்குப் போட்டுக்கொள். அது யாருடைய யோசனை என்று கேட்டாயே, அதற்கெல்லாம் நான் பதில் எழுத மாட்டேன். உன் கல்யாணம் யாருடைய யோசனை என்று நான் ஜாஸ்லினைக் கேட்கவில்லை.

இந்தத் தடவை மோகனா போக மாட்டாள். அவள் போகிறேன் என்றுதான் சொல்கிறாள், உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பையைக்கூடப் பரணிலிருந்து இறக்கினாள். நான்தான் மறுபடி மேலே ஏற்றினேன்.

நீ தாராளமாக வா, தங்கு. அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். ஓட்டு ரகசியம் என்று பையனிடம் சொன்னாய். சட்டத்துக்கு அது ரகசியமாக இருக்கலாம். நீ இந்த வீட்டுக்குள் வந்து, அவள் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடப் போகிறவன். அவளுக்கு வேண்டாம் என்று கை தூக்கின ஆளா இல்லையா என்று தெரியாமல் நான் இலை போட முடியாது. என் கடிதம் முந்தின நாளே கிடைத்துவிட்டது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆக, தெரிந்துதான் போட்டிருக்கிறாய். என்ன போட்டாய்?

அக்கா


ஃப்ரீமாண்ட்
6 டிசம்பர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அங்கேதான் ஓட்டுச்சாவடி. ஜாஸ்லின் எனக்கு அடுத்த தடுப்பில் நின்றாள். அவள் முடித்துவிட்டு வெளியே போய் எனக்காகக் காத்திருந்தாள். நான் எட்டாம் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆம் பக்கம் பேனாவைக் கொண்டுபோனால், நீ அடுப்படியில் ஒளிந்துகொண்டு காபி போடுவது தெரிந்தது. இல்லை பக்கம் கொண்டுபோனால், இவ்வளவு நாள் ஞாயிறு தவறாமல் முழங்கால் போட்டது எதற்கு என்று வந்தது. அதோடு, கோபமும் இருந்தது அக்கா. அதை மறைக்கவில்லை. நீ என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இப்போது உனக்காக நான் மட்டும் ஏன் என்று ஒரு பிடிவாதம். பின்னால் வரிசையில் ஆள் நின்றார்கள். இரண்டு பக்கமும் குறி போடாமல் சீட்டை உறையில் போட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் போட்டேன்.

எட்டாம் எண்ணுக்கு நான் ஓட்டே போடவில்லை. அதுதான் உண்மை. உனக்கு எதிராகப் போடவில்லை. அதையாவது எடுத்துக்கொள்.

எட்சனிடமும் சொல்லிவிட்டேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “ஓ” என்றான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நவம்பர் கடைசியில் இங்கே வரும் நன்றித் திருநாள் விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை, சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்றான். அந்தச் சிநேகிதன் யார் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஜனவரி பத்தாம் தேதி பெங்களூரில் இறங்குகிறேன். வீட்டில் தங்க வேண்டாம் என்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏதாவது லாட்ஜில் ரூம் எடுத்துக்கொள்கிறேன். மோகனப்ரியா எங்கேயும் போக வேண்டாம். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு.

அருள்


ஓசூர்
18 டிசம்பர் 2008

அன்புள்ள தம்பி அருளுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு தாளைக் கிழித்தேன். ஆம் என்று போட்டிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். இல்லை என்று போட்டிருந்தால் அழுதிருப்பேன். ஒன்றும் போடாமல் வந்தவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மோகனாவிடம் படித்துக் காட்டினேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அக்காளும் தம்பியும் ஒரே அச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. உன்னைத் திட்ட எடுத்த பேனாவை அப்போது மூடினதுதான், இரண்டு நாள் கழித்து இன்றைக்குத் திறக்கிறேன்.

உன்னை முழுதாக நம்புகிறேன் என்று எழுத மாட்டேன். என் கடிதம் உன் ஆபீஸ் மேசையில் இருக்கிறது என்கிறாய், பூட்டு இருக்கிறதா என்று மோகனா கேட்கிறாள். நீ பூசைக்கு வருகிறாயா, எங்களை வேவு பார்க்க வருகிறாயா என்றும் கேட்கிறாள். நான் தெரியாது என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. எட்சன் யார் வீட்டுக்குப் போகிறான் என்று கேட்காமல் விட்டாயே, அது ஒன்றுதான் உன் கடிதத்தில் எனக்குப் பிடித்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாட்ஜுக்குப் போக வேண்டாம். இந்தத் தெருவில் என் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்து லாட்ஜில் தங்கினான் என்றால் அதற்கு வேறு நாலு கதை கட்டுவார்கள். முன் ரூமைக் காலி செய்து வைக்கிறோம். அங்கே அட்டைப்பெட்டிகள் கிடக்கின்றன, அதை மோகனா ஒதுக்கிவிடுவாள். நானும் அவளும் எப்போதும் படுக்கிற ரூமில் படுத்துக்கொள்வோம். அந்தக் கதவைப் பார்த்து நீ முகத்தை வேறு பக்கம் திருப்பினால் பரவாயில்லை. அது உன் பாடு. பூசைக்கு மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். அவள் நற்கருணை வாங்க வர மாட்டாள், ஆனால் அம்மாவுக்காக முழங்கால் போடுவாள், எப்போதும் போடுகிறவள்தான். ராத்திரி குளிர் அதிகம், கம்பளி கொண்டு வா.

கடைசியாக ஒன்று. நீ வந்து பையை இறக்கி வைத்த உடனே சரோஜம்மாள் மாடிப்படி ஏறி வந்துவிடுவாள். உனக்கு ஒரு டம்ளர் பாலும் எடுத்து வருவாள். இத்தனை வருஷமாக நீ வரும்போது இல்லாத மோகனா இந்தத் தடவை அடுப்படியில் நிற்பதைப் பார்ப்பாள். அவளுக்குக் கண் அங்கேதான் போகும். என்னைக் கேட்டால் நான் மழுப்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும், அதனால் உன்னைத்தான் கேட்பாள்.

“ஏன் தம்பி, இந்தம்மா உங்களுக்கு என்னா வேணும்?” என்பாள்.

நான் குறுக்கே பேச மாட்டேன். மோகனாவும் பேச மாட்டாள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்கு எழுதவும் மாட்டேன். பேசாமல் பாலைக் குடித்துவிட்டு இருந்துவிடலாம் என்று நினைக்காதே. அவள் டம்ளரை வாங்கிப் போக நின்றுகொண்டே இருப்பாள்.

அக்கா
பவுலினா